ரெண்டு ஆள் ஸ்டீரிங்

வாங்க தம்பி. பெட்டியைப் பாக்கத்தானே வந்தீங்க? பட்டறை தாகிர் பாய் போன்ல சொல்லிட்டாரு. கோயம்புத்தூர்ல இருந்து ஒரு பையன் வர்றான், பழைய ஜீப்பு ஒண்ணை வாங்கிப் போட்டுக்கிட்டு அது பிறந்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே ஆக்கிப்புடணும்னு நிக்கிறான், அதுக்குப் பழைய ஸ்டீரிங் பெட்டி தேடுறான், உங்க வீட்டுல கழட்டிப் போட்டது கிடக்குதேன்னாரு. கிடக்கு. அந்தா, முருங்கை மரத்தடியில சாக்கு போட்டு மூடியிருக்கு பாருங்க. போய்ப் பாருங்க, ஆனா தூக்கிறாதீங்க. குடுக்கிறதா நான் இன்னும் முடிவு பண்ணல.

கோவிச்சுக்காதீங்க. அம்புட்டுத் தூரத்துல இருந்து வந்த பிள்ளை. உக்காருங்க. அந்தக் கல்லு சுடும், இந்தப் பலகையில உக்காருங்க. பவளம் பால் வாங்கப் போயிருக்கா. பவளம்னா என் வீட்டுக்காரி, பவளக்கொடி. பெட்டியைத் தூக்கிக் குடுத்துருவோம்னு பாய்கிட்டச் சொன்னது அவளாத்தான் இருக்கும். என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. என் வண்டியில இருந்து கழட்டின பெட்டி, என்கிட்டக் கேக்கல. அந்தக் கதையை உங்ககிட்டச் சொல்லாம நான் வேற யாருகிட்டச் சொல்ல? நீங்களாவது ஜீப்பு வச்சிருக்கீங்க. உங்களுக்குப் புரியும்.

என் பேரு சுருளிவேல். போடி ஜீப் ஸ்டாண்டுல வந்து சுருளின்னு கேட்டுப் பாருங்க. மெட்டு மலை ஏறி, அங்கிட்டுக் கேரளாப் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏத்திக்கிட்டுப் போற வண்டி. எல்லாம் பொம்பளை ஆளுங்க. விடியுறப்ப கிளம்பி, பொழுது சாயுறப்ப கொண்டாந்து இறக்கணும். பவளந்தான் அந்த ஆளுகளுக்குக் கங்காணி. அவ கூப்பிட்டா அவளுங்க வருவாளுங்க, அவ ஏறுற வண்டியிலதான் ஏறுவாளுங்க. அவ ஏறுறது என் வண்டியில. கல்யாணம் ஆன நாள்ல இருந்து முன் சீட்டுல, என் இடது பக்கம், கியர் கம்பியை ஒட்டி உக்காந்துதான் வருவா. அந்த இடத்துல வேற யாரும் உக்காந்ததில்ல.

இப்ப நீங்க ஒண்ணு தெரிஞ்சுக்கணும். மெட்டு ரோட்டை விட்டுத் தோட்டத்துப் பாதைக்குள்ள இறங்குனதும் ஒரு வளைவு. வளைவு முக்குல கருப்பசாமி கல்லு. அந்த வழியில போற எல்லாரும் கையெடுத்துக் கும்பிடணும். ஓட்டுறவன் எப்படிக் கும்பிடுவான்? ஸ்டீரிங்கை விட்டா நேரா சாமிகிட்டயே போயிச் சேர வேண்டியதுதான். அதனால பக்கத்துல உக்காந்திருக்கிறவ ஸ்டீரிங்கைத் தொட்டுத் தன் கண்ணுல ஒத்திக்கணும். ஓட்டுறவன் கும்பிட்டதுக்குச் சமம். எங்க பக்கத்துல எல்லா ஜீப்புலயும் அப்படித்தான். பவளமும் தொடுவா. வளையல் குலுங்குற சத்தம் கேக்கும், ஒரு கை வரும், ஸ்டீரிங்கைத் தொடும், போயிரும். எனக்குக் கருப்பன் ஞாபகம் வருதோ இல்லையோ, அந்த வளையல் சத்தம் வரும்.

பழைய ஸ்டீரிங்கு எப்படின்னு உங்களுக்கு நான் சொல்ல வேணாம். ஒரு சாண் பிளே இருக்கும். அந்த ஒரு சாண் சும்மா சுத்தும், அப்புறந்தான் சக்கரத்துக்குச் சேதி போகும். அதனால வளைவு வர்றதுக்கு முந்தியே திருப்ப ஆரம்பிக்கணும். லோடு ஏறிட்டா உரல்ல குழவி சுத்துற மாதிரி. பின்னாடி உக்காந்து வர்ற மொக்கத்தாயி இருக்காளே, எங்க ஜீப்புலயே மூத்தவ, வாய் பெருசு, அவ கேப்பா: "அண்ணே, வண்டி ஓட்டுறீகளா, மாவாட்டுறீகளா?" நானும், "ஆட்டுறேன், இட்லிக்கு இறங்கி வா"ம்பேன். வண்டியே சிரிக்கும். எனக்கு அந்த ஸ்டீரிங்கு பாரமாவே தெரிஞ்சதில்ல தம்பி. ஒரு நாளும் தெரிஞ்சதில்ல.

நடுவுல ஒரு தை மாசம் கொஞ்சம் காத்து அடிச்சிருச்சு. பெருசா ஒண்ணும் இல்ல. காலையில வெத்தலை மடிச்சு வாய்க்குக் கொண்டு போறேன், வெத்தலை கீழ விழுது. மறுபடி எடுக்குறேன், மறுபடி விழுது. வாயும் லேசா ஒரு பக்கம் இழுத்துச்சு. பனி. அந்த வருசம் பனி சாஸ்தி. பவளம் அழுது ஊரைக் கூட்டி, தேனிப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டா. டாக்டர் சின்ன வயசு, தங்கமான பிள்ளை. கையைத் தூக்கச் சொன்னாரு, விரலை அமுக்கச் சொன்னாரு. வண்டியெல்லாம் இனிமே ஓட்டக் கூடாது ஐயான்னாரு. அவரு சொன்னது லாரி, பஸ்ஸு. ஜீப்புன்னு சொல்லல. நானும் கேக்கல.

வாய் தானா நேராயிருச்சு. கையும் சரியாயிருச்சு. இந்த வலது கையிலதான் கொஞ்சம் மதமதப்பு. ஓய்வு குடுத்து வச்சிருக்கேன். டீ கிளாஸு, சோறு, எல்லாத்துக்கும் இப்ப இடது கைதான். மனுசனுக்கு ரெண்டு கையும் பழகணுமில்ல?

மறுபடி வண்டி எடுத்தேன். அப்பத்தான் ஒண்ணு கவனிச்சேன். கருப்பன் வளைவுல மட்டும் வந்துக்கிட்டிருந்த பவளம் கை, எல்லா வளைவுலயும் வர ஆரம்பிச்சிருச்சு. தொட்டுட்டுப் போற கை இல்ல. வந்து புடிக்கும். வளைவு முடியுற வரைக்கும் புடிச்சிருக்கும். நமக்குத்தான் தெரியுமே, வளைவுல இடது கை கியர் மாத்தப் போயிரும், வலது கை ஒண்ணுதான் ஸ்டீரிங்குல நிக்கும். அந்த நேரம் பாத்து இவ கை வந்துரும். முந்தானையை இழுத்துச் சொருகிக்கிட்டு, பாதி எந்திரிச்சு, குறுக்க சாஞ்சு புடிப்பா.

நான் கேட்டேன், "ஏ புள்ள, எல்லா வளைவுலயுமா சாமி இருக்கு?"

அவ ரோட்டைப் பாத்துக்கிட்டே சொன்னா, "இருக்கு."

அவ்வளவுதான். ஒரு வார்த்தை. எனக்கு எப்படி இருந்துச்சுன்னு நினைக்கிறீங்க? புருசனுக்கு ஒண்ணு வந்து பிழைச்சு எந்திரிச்சதும் பொம்பளைக்குப் பக்தி கூடிப் போச்சு. பக்தி மட்டுமா? இந்த வயசுல, வண்டி நிறைய ஆளு பாக்க, என் கை மேல கையை வைக்கிறா. கல்யாணமான புதுசுல கூட வச்சதில்ல. நான் உள்ளுக்குள்ள சிரிச்சுக்குவேன். வெளிய காட்டிக்கிறது கிடையாது. ஓட்டுறவன் மூஞ்சி ஓட்டுறவன் மாதிரிதான் இருக்கணும்.

அந்த மொக்கத்தாயி வேற. ஒவ்வொரு வளைவு வர்றப்பவும் பின்னாடி இருந்து கத்துவா, "பவளம், புடிச்சிட்டியா?" இவ, "புடிச்சிட்டேன் மதினி"ம்பா. அப்புறந்தான் வண்டி வளையும். சீட்டுல இருந்து விழுந்துறக் கூடாதேன்னு அவளுக்கு அக்கறை. ஒரு வருசம் பூராவும் இதே பாட்டு. "புடிச்சிட்டியா?" "புடிச்சிட்டேன்." சின்னவளுங்க கூடச் சேந்து சொல்லப் பழகிட்டாளுங்க. ஆனா சிரிப்பு மட்டும் குறைஞ்சு போச்சு. முந்தியெல்லாம் மெட்டு ஏறுறப்ப ஒருத்தியைப் பத்தி ஒருத்தி கேலி பேசிக்கிட்டு வருவாளுங்க. அந்த வருசம் அம்புட்டுப் பேரும் ரோட்டையே பாத்துக்கிட்டு வந்தாளுங்க. நானும் நினைச்சேன், ஏலக்காய் விலை இறங்கிப் போச்சு, கூலி கேக்க முடியல, அந்தக் கவலை போலன்னு.

அப்புறம் ஒரு நாள் டீக்கடையில நிக்கிறேன், அந்தப் பக்கம் பவளமும் மொக்கத்தாயும் இன்னும் நாலைஞ்சு பேரும் தாகிர் பாயைச் சுத்தி நிக்கிறாளுங்க. பாய் தலையைச் சொறிஞ்சுக்கிட்டு என்னைப் பாக்குறாரு. என்னன்னு கேட்டா, "உங்க வண்டிக்கு பவர் ஸ்டீரிங் போடணுமாம் சுருளியண்ணே. எல்லாரும் சேந்து போடுறாங்களாம்"னாரு. கூலி வேலைக்குப் போறவளுங்க தம்பி. அவளுங்களே காசு சேத்துப் போட்டாளுங்க. எந்த ஊருல எந்த டிரைவருக்கு அந்த மரியாதை கிடைச்சிருக்கு சொல்லுங்க?

இருந்தாலும் நான் வேணாம்னுதான் சொன்னேன். "இருக்கிற ஸ்டீரிங்குக்கு என்ன கொள்ளை? நானும் பவளமுமா ஓட்டலையா?"ன்னு கேட்டேன். அவளுங்க ஒருத்தி மூஞ்சியை ஒருத்தி பாத்துக்கிட்டாளுங்க. பவளந்தான் சொன்னா: "காலத்துக்குத் தக்கன மாத்திக்கிட்டாத்தான் என்னங்க? உங்களுக்கு என்ன, ராசா மாதிரி ஒரு விரல்ல ஓட்டுவீங்க." ராசா மாதிரின்னா. சரின்னுட்டேன்.

பாய் பட்டறையில நானும் கூடவே நின்னேன். பழைய பெட்டியைக் கழட்டுறதே பெரும்பாடு, சேஸோட சேஸா ஒட்டிக்கிட்டுக் கிடந்துச்சு. உடைச்சுப் போட்ட வேன் ஒண்ணுல இருந்து பவர் பெட்டி கொண்டாந்தாரு. அதை நிறுத்தத் தகடு வெட்டி, சேஸுல வச்சு வெல்டு அடிச்சாரு. இஞ்சின் ஓரத்துல ஒரு பம்ப்பு, அதைச் சுத்த ஒரு பெல்ட்டு, ஆயிலுக்கு ஒரு டப்பா, ரெண்டு ஹோஸு. இஞ்சின் சுத்துனா பெல்ட்டு சுத்தும், பெல்ட்டு சுத்துனா பம்ப்பு ஆயிலை அமுக்கும், அந்த ஆயிலு நமக்காகச் சக்கரத்தைத் திருப்பும். அம்புட்டுத்தான் சூட்சுமம். பெரிய ஸ்டீரிங் வீலையும் எடுத்துட்டு, காருல இருக்கிற மாதிரி சின்னதா ஒண்ணைப் போட்டு விட்டாரு. "இனிமே பெருசு எதுக்கண்ணே, ஒரு விரல் போதும்"னாரு.

ஒரு விரல் வச்சேன். சுத்துச்சு தம்பி. இந்த வலது கை விரல்தான். நிக்கிற வண்டியில, தரையில பதிஞ்சு கிடக்கிற சக்கரம், ஒரு விரலுக்குத் திரும்புச்சு. என் கண்ணு கலங்கிருச்சு. பக்கத்துல வெல்டிங் வெளிச்சம், அதனால.

"பெல்ட்டை மட்டும் பாத்துக்கங்கண்ணே, புதுசு இழுபடும், கத்துச்சுன்னா இந்த நட்டை ஒரு முறுக்கு முறுக்கிருங்க"ன்னு பாய் இடத்தைக் காட்டிக் குடுத்தாரு. சரின்னேன்.

அப்புறந்தான் தம்பி எனக்குப் பிடிச்சுச்சு சனியன்.

மறுநாள் காலையில வண்டி ஏறுது. பூ மாதிரி ஏறுது. முதல் வளைவு. நான் கியரை மாத்துறேன், காது வளையல் சத்தத்துக்குக் காத்துக்கிட்டு இருக்கு. வரல. விரலை அசைச்சேன், வண்டி திரும்பிருச்சு. ரெண்டாவது வளைவு. வரல. பின்னாடி மொக்கத்தாயி, "பவளம்..."னு ஆரம்பிச்சவ, பாதியிலயே நிறுத்திக்கிட்டா. கருப்பன் வளைவுல மட்டும் ஒரு கை வந்துச்சு. தொட்டுச்சு. போயிருச்சு.

தோட்டத்துல இறக்கி விட்டுட்டுக் கேட்டேன், "என்ன புள்ள, சாமியெல்லாம் இடம் மாறிப் போச்சா?"

"சாமிக்கும் கொஞ்சம் ஓய்வு வேணாமா?"ன்னா.

பாருங்க, பேச்சைப் பாருங்க. அதோட போச்சா? சாயங்காலம் இறங்குறப்ப தூங்குறா. என் பக்கத்துல உக்காந்து, வளைவுல, வாயைத் திறந்துக்கிட்டுத் தூங்குறா. ஒரு வருசமா கண்ணைச் சிமிட்டாம ரோட்டைப் பாத்துக்கிட்டு வந்தவ. தலை சாஞ்சு என் தோளுல விழுது. பின்னாடி பழையபடி சிரிப்பும் கேலியும். எல்லாருக்கும் சந்தோசம். எனக்குத்தான் ஒரு மாதிரி இருந்துச்சு. ஒரு வருசமா கையைப் புடிச்சுக்கிட்டு வந்தவளுக்கு, ஒரு பம்ப்பும் பெல்ட்டும் வந்ததும் நான் வேண்டாதவனாப் போயிட்டேனா? பொண்டாட்டியோட கையை வண்டியில இருந்து கழட்டிப் போட்டுட்டாரு பாய். அந்தா, அந்தச் சாக்குக்கடியில கிடக்கிறது வெறும் இரும்புன்னா நினைக்கிறீங்க?

ரெண்டு தடவை தாகிர் பாய்கிட்டப் போய், பழசையே மாட்டிருங்கன்னு கேட்டேன். அவரு என் கையைப் பாத்தாரு. "அக்காவைக் கேட்டுட்டு வாங்கண்ணே, மாட்டிருவோம்"னாரு. என் வண்டிக்கு நான் யாரைக் கேக்கணும்? அதனால கேக்கல.

அப்புறம் பெல்ட்டு கத்த ஆரம்பிச்சுச்சு. வண்டியைத் திருப்புறப்பல்லாம் கீச்சுன்னு ஒரு சத்தம். மொக்கத்தாயி, "அண்ணே, ஜீப்புக்குள்ள கோழி அடைச்சு வச்சிருக்கீகளா?"ன்னா. பாய் சொன்ன இடத்துல ஸ்பேனர் போட்டேன். நட்டு அசையல. எப்படி அசையும், பட்டறைப் பசங்க மெசின் போட்டு முறுக்கியிருப்பாங்க. இடது கையில முறுக்கலாம்னா, அந்தச் சந்துக்குள்ள இடது கை போகாது. கொஞ்ச நேரம் பாத்தேன். பவளத்தைக் கூப்பிடலாமான்னு நினைச்சேன். எதுக்கு? அவதான் கையை எடுத்துக்கிட்டாளே. வீட்டுல தேங்காயெண்ணெய் இருந்துச்சு, ரெண்டு கரண்டி எடுத்து பெல்ட்டு மேல விட்டேன். சத்தம் நின்னு போச்சு. சுத்தமா நின்னு போச்சு. கோழியை அறுத்துட்டேன்னு மொக்கத்தாயிகிட்டச் சொன்னேன்.

நாலைஞ்சு நாள் கழிச்சுத் தோட்டத்துல இருந்து திரும்பி வர்றோம். சாரல். வண்டி நிறைய ஆளு. மெட்டுல இறங்கிக்கிட்டு இருக்கேன். ஒரு வளைவு, அதுல கருப்பனும் இல்ல, ஒரு கல்லும் இல்ல, கீழ வெறும் பள்ளம். பிரேக்கை அமுக்கி, கியரை மாத்தி, விரலைச் சுத்துறேன். இஞ்சினுக்குள்ள படார்னு ஒண்ணு அடிச்சுச்சு. ஸ்டீரிங்கு கல்லாயிருச்சு. பழைய ஸ்டீரிங்கு பாரம்னு சொன்னேனே, அது பாரமே இல்ல தம்பி. இது செவுத்துல அடிச்ச வளையம். பிடிக்கிறதுக்கு வீலும் சின்னது. அமுக்குறேன். கை வரல... வீல் வரல. வண்டி நேரா போகுது.

வளையல் சத்தம் கேட்டுச்சு.

அவ தூங்கிக்கிட்டு இருந்தவ. எப்ப முழிச்சா, எப்ப எந்திரிச்சா, தெரியல. என் மேலயே விழுந்து, ரெண்டு கையாலயும் வீலைப் புடிச்சு, நெஞ்சை வச்சு அமுக்குறா. அவ கூந்தல் என் மூஞ்சியில, எனக்கு ரோடே தெரியல. வளையல் ஒடிஞ்சு என் தொடையில விழுது. பின்னாடி மொக்கத்தாயி, "பவளம், புடிச்சிட்டியா! பவளம், புடிச்சிட்டியா!"ன்னு கத்துறா. இவ பல்லைக் கடிச்சுக்கிட்டு மலைப் பக்கமா ஒடிக்கிறா. வண்டி மலையோரத்து ஓடைக்குள்ள முன் சக்கரத்தை விட்டு, மண்ணுல முட்டி நின்னுச்சு.

ஒருத்திக்கும் ஒரு கீறல் இல்ல. ஒரு தூக்குவாளி மட்டும் நசுங்கிப் போச்சு. நான்தான் சரியான நேரத்துல பிரேக்கை மிதிச்சேன், இல்லைன்னா என்ன ஆகியிருக்கும்? ஆனா பாருங்க, இறங்குனவளுங்க எல்லாம் ஓட்டுனவனை விட்டுட்டு, பக்கத்துல உக்காந்து வந்தவ கையைப் புடிச்சுக்கிட்டு அழறாளுங்க. மொக்கத்தாயி அவ கையை எடுத்துத் தன் கண்ணுல ஒத்திக்கிட்டா. கருப்பன் வளைவுல ஸ்டீரிங்கைத் தொட்டு ஒத்திக்குவோமே, அது மாதிரி.

நான் அந்தப் பக்கமா நின்னுக்கிட்டு இருந்தேன். எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல. எனக்கு மனசுக்குள்ள ஒண்ணுதான் ஓடிக்கிட்டு இருந்துச்சு. அந்த வளைவுல சாமி இல்ல தம்பி. ஆனா கை வந்துச்சு.

தாகிர் பாய் ஆள் அனுப்பி வண்டியை இழுத்துட்டு வந்தாரு. கழண்டு தொங்குன பெல்ட்டை எடுத்து மோந்து பாத்தாரு. என்னைப் பாத்தாரு. அப்புறம் அந்த நட்டுல ஸ்பேனரைப் போட்டு ஒரு கையால ரெண்டு சுத்து சுத்துனாரு. அவரு காலமெல்லாம் நட்டு முறுக்குன ஆளு, அவருக்கு வரும்.

அன்னிக்கு ராத்திரியே பவளம் கையில துணியைச் சுத்திக்கிட்டா. மணிக்கட்டு பிசகிப் போச்சாம். "இனிமே என்னால ஒண்ணையும் பிடிக்க முடியாதுங்க. நான் மேல வரல"ன்னா. சின்னக் கங்காணியா வேற ஒருத்தியை வச்சிட்டா, அவளுங்க இப்ப வேற ஜீப்புல போறாளுங்க. காலையில இந்த வழியாத்தான் போகும், ஆரன் அடிச்சுட்டுப் போவான். மொக்கத்தாயி ஒரு நாள் இறங்கி வந்து, "அண்ணே, பவளம் கையைப் பாத்துக்கிடுங்க. அது சரியாகுற வரைக்கும் நீங்க வண்டியெடுக்கக் கூடாது"ன்னு சத்தியம் வாங்கிட்டுப் போயிட்டா.

அதான் வண்டி நிக்குது. தார்ப்பாய் போட்டிருக்கு பாருங்க, அதுதான். எனக்கென்ன, இன்னிக்கே எடுத்துருவேன். அவ கை சரியில்லாம இருக்கிறப்ப அவளை விட்டுட்டுப் போக முடியுமா? அவளுக்காகத்தான் நிறுத்தி வச்சிருக்கேன். சாயங்காலமானா நானேதான் எண்ணெய் தேச்சு விடுவேன், இந்த இடது கையால. ஒரு நாள் துணி சுத்தாத கையை நீட்டிட்டா. என்ன புள்ள, நேத்து அந்தக் கை தானேன்னேன். "ரெண்டும் வலிக்குது"ன்னா. வலிக்கும். ரெண்டு கையாலயும்தானே புடிச்சா.

என் கணக்கு என்னன்னா தம்பி, அவ கை சரியாகட்டும். பாய்கிட்ட சொல்லி இந்தப் பழைய பெட்டியைத் திரும்ப மாட்டிர்றது. பெரிய வீலையும் மாட்டிர்றது. நானும் அவளுமா பழையபடி போறது. அதுக்குத்தான் பெட்டியை விடாம வச்சிருக்கேன். மழையில நனையாம சாக்கு போட்டு, கிரீஸு பூசி... நீங்க வேற எங்கயாச்சும் தேடிப் பாருங்க. மதுரையில பழைய இரும்புக் கடையில கிடைக்கும். என் மேல வருத்தப்படக் கூடாது.

இந்தா வந்துட்டா. பவளம், தம்பிதான் அந்தக் கோயம்புத்தூர்க்காரரு. டீயைப் போடு. பாத்து, கையைப் பாத்து.

குடிங்க தம்பி. ஏலக்காய் தட்டிப் போட்டிருப்பா, எங்க வீட்டுல அதுக்கு மட்டும் பஞ்சமில்ல. என் கிளாஸை எங்க வச்சா பாத்தீங்களா? இடது பக்கம். சொல்லாமலே வைப்பா. அப்படி ஒரு பொம்பளை. அந்தக் கையில ஒரு சொம்பு தூக்க முடியாது பாவம், தண்ணி கூட நான்தான்...

திரும்பாதீங்க.

இல்ல தம்பி, பின்னாடி ஒண்ணும் இல்ல. இப்படி என்னைப் பாத்து உக்காருங்க. சொல்றேன்ல. டீயைக் குடிங்க.

உங்க கார் டிக்கி திறந்தா இருக்கு? திறந்திருக்கு போல. சத்தம் கேக்குது.

அந்தப் பெட்டி எம்புட்டுக் கனம்னு தெரியுமா உங்களுக்கு? பட்டறையில ரெண்டு பசங்க சேந்துதான் தூக்கினானுங்க. குடம் தூக்குற மாதிரி இடுப்புல வைக்கிற சாமானா அது? துணி சுத்துன கையால...

கொஞ்சம் இருங்க. எனக்கு இருமல் வருது.

இந்தா, பவளம்! நான் அங்கிட்டுத்தான் வர்றேன்! பெட்டியில கை வச்சிறாத, கை பிசகுன இடத்துலயே மறுபடி பிசகிரும்! தம்பி தூக்கிக்கும்!

கேட்டீங்களா? "நான் எங்க தூக்க, இந்தக் கையை வச்சுக்கிட்டு"ங்கிறா.

ஆமா. அவ எங்க தூக்க.

நான் ஒண்ணும் பாக்கல தம்பி. நீங்களும் பாக்கல. போறப்ப அவகிட்ட, கை எப்படிம்மா இருக்குன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போங்க. நல்லா இல்லைன்னு சொல்லுவா. உடம்பைப் பாத்துக்கங்கன்னு சொல்லுங்க. சாயங்காலம் நான் எண்ணெய் தேச்சு விடுவேன். நாளைக்கும் தேச்சு விடுவேன். அது சரியாகாது. சில கை அப்படித்தான், சரியாகாது.

பெட்டியை எடுத்துட்டுப் போங்க. என்ன குடுக்கணும்னு அவகிட்டப் பேசிக்கங்க, என்கிட்டப் பேச வேணாம். எடுத்துட்டுப் போங்க, அவதான் ஏத்திட்டாளே... அதான் தானா ஏறிருச்சே.

ஒண்ணு கேக்குறேன். உங்க ஜீப்புல பக்கத்துல யாரு உக்காருவா? கல்யாணம் ஆகலையா? சரி, அம்மாவோ, கூட்டாளியோ, யாரோ ஒருத்தரு. சும்மா ஒத்தையில எடுத்துட்டு மலைக்குப் போயிறாதீங்க. அது ரெண்டு ஆள் ஸ்டீரிங்கு தம்பி. இடது பக்கம் உக்கார்றவங்ககிட்ட முன்கூட்டியே சொல்லி வச்சிருங்க, எல்லா வளைவுலயும் சாமி இருக்குன்னு.